காரைக்குடியிலிருந்து மணிப்பூர் முகாம்களுக்குக் குளிர்காலப் பொருள் அனுப்புவது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு

தீபாவளி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். தீபாவளிக்குப் பிறகு வசூலை ஆரம்பித்து, சாமான் வாங்கி, லோடு கட்டி, மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போய் இறக்கும்போது தை பிறந்திருக்கும். மணிப்பூரில் கடுங்குளிர் டிசம்பரும் ஜனவரியும்தான். இம்பால் பள்ளத்தாக்கே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 780 மீட்டர் உயரம், அங்கே ராத்திரியில் 4, 5 டிகிரிக்கு இறங்கும், மலைப்பக்கம் இன்னும் கீழே போகும். நமக்கு மார்கழிக் காலையில் கோலம் போடப் போகிறவர்கள் தலையில் துண்டு கட்டிக்கொண்டாலே அது குளிர். நமக்குக் குளிர் தெரியாது, சிக்கலே அதில்தான் ஆரம்பிக்கிறது. நல்ல மனசோடு இங்கிருந்து போகும் பாதிப் பொருள் அங்கே உதவாமல் போவதும் அதனால்தான்.

புதிதாக வருபவர்களுக்காகப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 மே 3 அன்று மணிப்பூரில் மெய்தெய் மக்களுக்கும் குக்கி-சோ மக்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சுமார் 60,000 பேர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். பள்ளிக்கூடம், கல்லூரி, விளையாட்டு அரங்கம், சந்தைக் கட்டடம் என்று கிடைத்த இடமெல்லாம் முகாமானது. பின்னால் அரசு சில இடங்களில் பலகை வீடுகள் கட்டிக் கொடுத்தது. ஊர் திரும்ப முடியாதவர்கள் அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், ஒவ்வொரு குளிர்காலமும் அவர்களுக்குப் புதிதாகத்தான் வந்தது. யார் பக்கம் நியாயம் என்ற பேச்சைப் பொருள் சேர்க்கும் குழுவுக்குள் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தால் போர்வை போகாது, குழுதான் உடையும்.

முதல் வேலை போன்

வசூலுக்கு முன்னால் போன் செய்யுங்கள். எந்த முகாம், அங்கே பொருளைப் பெற்றுக் கையெழுத்துப் போடுபவர் யார் என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். ஆளைப் பிடிக்க வழிகள் இருக்கின்றன. நம் ஊர்க் கலெக்டர் பதவிக்கு அங்கே டெபுடி கமிஷனர் என்று பெயர், முகாம் பட்டியல் அவர் அலுவலகத்தில் இருக்கும். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அங்கே கிளை உண்டு. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் உங்களுக்குத் தெரிந்த பங்குச் சாமியார் இருந்தால், கத்தோலிக்கத் திருச்சபையின் சேவை அமைப்பான காரித்தாஸ் இந்தியா வழியாக அவரால் விசாரித்துச் சொல்ல முடியும். இங்கே கல்லூரியில் படிக்கிற, ஓட்டலில் வேலை பார்க்கிற மணிப்பூர்ப் பிள்ளைகள் யாராவது இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள், ஆனால் அவர்களுக்குத் தங்கள் பக்கத்து முகாம்தான் தெரியும் என்பதையும் மனதில் வையுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொரு வழியில் சரிபார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

"என்ன வேணும்?" என்று மொட்டையாகக் கேட்டால் "எல்லாம் வேணும்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: மொத்தம் எத்தனை பேர், அதில் கைக்குழந்தை எத்தனை, பள்ளிப் பிள்ளைகள் எந்தெந்த வயது, அறுபதைத் தாண்டியவர்கள் எத்தனை, கர்ப்பிணிகள் உண்டா, படுப்பது கட்டிலிலா தரையிலா, கூரை தகரமா கான்கிரீட்டா, ஏற்கெனவே யாராவது போர்வை தருவதாகச் சொல்லியிருக்கிறார்களா. கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். பேப்பரில் பேர் வந்த முகாமுக்கு நாலு பேர் போர்வை அனுப்புவார்கள், சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற முகாமுக்கு ஒருவரும் போயிருக்க மாட்டார்கள்.

இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு முகாமை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. மெய்தெய் மக்கள் இருக்கும் பள்ளத்தாக்கில் ஒன்று, குக்கி-சோ மக்கள் இருக்கும் சூராசாந்துபூர் அல்லது காங்போக்பி மலைப்பக்கம் ஒன்று. செலவு கூடும், வேலையும் இரட்டிப்பாகும். ஆனால் நாளைக்கு யாரும் உங்களிடம் வந்து "நீங்க யார் ஆளு?" என்று கேட்க முடியாது.

தமிழிலேயே பேசி விவரம் கேட்க ஆள் வேண்டுமென்றால் மோரே இருக்கிறது. மியான்மர் எல்லையில், தெங்னௌபால் மாவட்டத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் தமிழ்ச் சங்கம் உண்டு, அங்காள பரமேசுவரி கோயில் உண்டு. 1962-இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு கடையும் நிலமும் பறிபோய்த் துரத்தப்பட்ட தமிழர்களில் சிலர், தமிழ்நாட்டு முகாமில் இருக்கப் பிடிக்காமல், தரைவழியாகத் திரும்பிப் போகப் பார்த்து எல்லையில் நின்றுவிட்ட ஊர் அது. நம் பக்கத்தில் பர்மாத் தேக்குத் தூண் இல்லாத பெரிய வீடு ஏது? 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது கப்பல் கிடைக்காதவர்கள் தமு, மோரே, பலேல் வழியாக இம்பாலுக்கு நடந்தார்கள், காலராவிலும் பசியிலும் வழியிலேயே போனவர்கள் ஏராளம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் அந்தப் பாதையில் வந்த யாராவது ஒருவர் பேர் கிடைக்கும். வசூலுக்குப் போகும்போது இதைச் சொல்லுங்கள், "மணிப்பூர் எங்கே, நாம எங்கே" என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் மோரேயிலும் 2023-இல் வீடுகள் எரிந்தன, அங்கிருந்து கிடைக்கும் தகவலும் அந்தப் பகுதியோடு நிற்கும், அதை வைத்து முழு மாநிலத்துக்கும் பட்டியல் போட முடியாது.

காசு

பொருளாக வாங்காமல் காசாக வாங்குங்கள். இதைச் சொன்னதும் முகம் சுளிப்பார்கள், "என் வீட்ல நல்ல புடவை இருபது கிடக்கு, எடுத்துக்க மாட்டீங்களா" என்பார்கள். எடுத்துக்கொள்ளாதீர்கள். மெய்தெய்ப் பெண்களானாலும் குக்கிப் பெண்களானாலும் அன்றாடம் கட்டுவது இடுப்பில் சுற்றும் துணி, நம் புடவைக்கு அங்கே வேலையில்லை. 2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் பக்கம் சாலையோரம் மலைமலையாகக் கிடந்த பழந்துணி பலருக்கு ஞாபகம் இருக்கும். அதை அள்ளுவதற்கே தனியாக ஆள் போட வேண்டியிருந்தது.

நகரத்தார் ஊர்களில் புள்ளிக்கு (மணமான ஒரு குடும்பத்துக்கு) இவ்வளவு என்று வரி போட்டுக் கோயில் காரியம் நடத்துவது பழைய பழக்கம். அதையே தெருவுக்கு மாற்றி, எல்லாச் சாதியையும் சேர்த்து, வீட்டுக்கு இவ்வளவு என்று சிறு தொகையாக வையுங்கள். பெரிய தொகை தருபவர் பின்னால் "என் பேர்ல பேனர்" என்பார், சிறு தொகைக்காரர் கணக்கு மட்டும்தான் கேட்பார். கடைக்காரர்களிடம் மகமை (பொதுக் காரியத்துக்கு வியாபாரத்திலிருந்து ஒதுக்கும் காசு) என்று கேட்டுப் பாருங்கள், அந்தச் சொல்லுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. கல்யாண வீட்டில் மொய் எழுதிப் பழகிய கை ஒவ்வொரு ஊரிலும் ஒன்றிரண்டு இருக்கும், அவரைப் பிடித்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஜிபே வரவையும் அதே நோட்டில் ஏற்ற வேண்டும்.

ஒருவரின் சொந்தக் கணக்கில் எல்லாப் பணமும் சேர்வது நல்லதல்ல. உள்ளூர் டிரஸ்ட் ஏதாவது இருந்தால் அதன் கணக்கைப் பயன்படுத்துங்கள், இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும். வரிவிலக்கு வேண்டும் என்பவர்களை அதற்கான பதிவு (80ஜி என்பார்கள்) உள்ள நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பச் சொல்லிவிடுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த விலக்கு கிடைக்காது, பொருளாகக் கொடுத்தாலும் கிடைக்காது, புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது.

அடுத்ததுதான் நம் ஊர்க்காரர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம். சிங்கப்பூரிலோ பினாங்கிலோ இருக்கும் அத்தான் "நானும் ஒரு லட்சம் போடறேன்" என்பார். அவர் இன்னும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும் சரி, அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு இல்லாத உங்கள் டிரஸ்ட் அதைத் தொடக் கூடாது. பதிவு உள்ள பெரிய நிறுவனங்கள் டெல்லி ஸ்டேட் வங்கி மெயின் கிளையில் அதற்கென்றே கணக்கு வைத்திருக்கும், அத்தானை அங்கே திருப்பிவிடுங்கள். சொந்தக்காரர்தானே என்று வாங்கிப் போட்டுவிட்டு அப்புறம் ஆடிட்டரிடம் ஓடக் கூடாது.

எதை வாங்குவது

போர்வை என்றதும் எல்லோரும் மேலே போர்த்துவதைத்தான் நினைப்பார்கள். குளிர் கீழேயிருந்து வருகிறது. சித்திரை வெயிலில் ஆத்தங்குடிக் கல் தரையில் வெறும் முதுகோடு படுத்தால் எவ்வளவு சுகம்? தரை உடம்புச் சூட்டை உறிஞ்சுவதால்தான் அந்தச் சுகம். 5 டிகிரியில் சிமெண்ட் தரையும் அதையேதான் செய்யும், மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் கீழே ஒரு பாய் மட்டும் என்றால் ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது. ஆகவே காசு குறைவாக இருந்தால் இரண்டாவது போர்வையை விட்டுவிட்டு அடியில் விரிக்க ஃபோம் ஷீட் வாங்குங்கள். தடிமனான, தண்ணீர் குடிக்காத ரகம். அதற்கும் அடியில் ஈரம் ஏறாமல் ஒரு தார்ப்பாய், மேலே ஜமுக்காளம் இருந்தால் நல்லது. வெறும் பருத்தி ஜமுக்காளம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அதை நம்பி ஃபோமை விட்டுவிடாதீர்கள்.

போர்வையில் மூன்று ரகம் உங்கள் முன்னால் வரும். சென்னிமலை, கரூர்ப் பருத்திப் போர்வை அழகாக இருக்கும், நமக்குப் போதும், அங்கே போதாது. பானிபட்டிலிருந்து வரும் பழைய கம்பளியை அரைத்து நெய்த போர்வை விலை மலிவு, சூடும் தரும், ஆனால் பஞ்சு உதிரும், நனைந்தால் நாற்றம் அடிக்கும், காய நாளாகும். ஃப்ளீஸ், மிங்க் என்று விற்கும் பாலியெஸ்டர் போர்வை கொஞ்சம் விலை கூட, ஆனால் துவைக்கலாம், சீக்கிரம் காயும். துணி காயப்போட இடமில்லாத முகாமில் இதுதான் உதவும். நான் இதைத்தான் சொல்வேன். வாங்குவதற்கு முன் ஒன்றை வரவழைத்துத் துவைத்துப் பாருங்கள், தையல் பிரிகிறதா என்று இழுத்துப் பாருங்கள்.

உடம்பில் போடுவதற்கு, உள்ளே அணியும் தெர்மல், காலுறை, காதை மூடும் குல்லா. இந்த மூன்றும் ஸ்வெட்டரைவிட மலிவு, எடையும் குறைவு. திருப்பூரில் ஏற்றுமதியில் மீந்த தெர்மல் நல்ல விலைக்குக் கிடைக்கும், நமக்குப் பக்கமும்கூட. பிள்ளைகளுக்கு வயதைச் சொல்லி அளவு வாங்குங்கள். பேரிடர் நிவாரணத்துக்கு உலகம் முழுக்க வைத்துக்கொள்ளும் ஸ்பியர் கையேடு ஒருவருக்கு அளவான இரண்டு செட் உடுப்பு, மாதம் 250 கிராம் குளியல் சோப்பு, 200 கிராம் துணி சோப்பு என்று கணக்கு வைக்கிறது, பட்டியல் போடும்போது அதை அடிப்படையாக எடுத்துக்கொள்ளலாம். வயதானவர்களுக்கு ரப்பர் வெந்நீர்ப் பை, பொதுவாக வைக்கப் பெரிய ஃபிளாஸ்க், பெண்களுக்கு நாப்கின். நாப்கினைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள், பட்டியலில் முதலில் எழுதுங்கள்.

வேண்டாதவையும் உண்டு. கரியடுப்பு, கணப்புச் சட்டி எதையும் அனுப்பாதீர்கள். ஜன்னலைச் சாத்திய அறையில் கரி புகைந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் டின், பால் புட்டி வேண்டாம். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் அது வயிற்றுப்போக்கைத்தான் கொடுக்கும், உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப்பும் அதை நன்கொடையாக வாங்கக் கூடாது என்றே சொல்கின்றன. வீட்டில் மீந்த மாத்திரை அட்டை வேண்டாம், மருந்து கொடுப்பதென்றால் போய்ச் சேரும் நாளிலிருந்து ஒரு வருஷமாவது காலாவதித் தேதி மிச்சம் இருக்க வேண்டும், அதை மருத்துவர்களிடம் விடுங்கள். அரிசி அனுப்ப ஆசைப்பட்டுப் புதுவயல் மில்லில் புழுங்கலரிசி மூட்டை கட்டாதீர்கள், அங்கே சாப்பிடுவது பெரும்பாலும் பச்சரிசி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும், அங்கே மார்கழி முழுக்க அது பாட்டிலுக்குள் கல்லாகத்தான் இருக்கும். முறுக்கு சீடையா? அனுப்புங்கள், பிள்ளைகள் சாப்பிடும், ஆனால் போர்வைக் காசில் கை வைக்காமல்.

இங்கே வாங்குவதா, அங்கே வாங்குவதா

இந்தக் கேள்விக்கு என் பதில் தெளிவு: போர்வையும் ஃபோமும் அங்கே, தெர்மல் மாதிரி எடை குறைந்த சாமான் மட்டும் இங்கே. போர்வை கனம். இடத்தையும் அடைக்கும். காரைக்குடியில் ஏற்றினால் லாரி வாடகையிலேயே போர்வை விலையில் பெரும்பகுதி போய்விடும். கவுகாத்தி ஃபேன்சி பஜாரில் மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள். பள்ளத்தாக்கு முகாமுக்கு இம்பால் பாவோனா பஜார், தங்கல் பஜாரிலேயே கொட்டேஷன் வாங்கலாம். சூராசாந்துபூருக்கு மிசோரத்தின் ஐஸால் பக்கமிருந்து ஏற்றுவது நடைமுறை, ஏனென்றால் குக்கி மக்கள் இம்பால் வழியாகப் போக முடியாது, மெய்தெய் மக்கள் மலைப்பக்கம் ஏற முடியாது. ஆக இரண்டு முகாம் என்றால் இரண்டு வழி, இரண்டு வியாபாரி. இதை வரைபடத்தில் பார்த்துப் பக்கம்தானே என்று நினைத்து ஒரே லாரியில் அடைத்தால் பாதிப் பொருள் வழியில் நிற்கும்.

பணத்தை முகாம் பொறுப்பாளர் கணக்குக்கு அனுப்பாமல் வியாபாரிக்கே அனுப்புங்கள். பாதி முன்பணம், மீதி பொருள் இறங்கிக் கையெழுத்தான பில் படம் வந்த பிறகு. நம் ஊர்க் கொடுக்கல் வாங்கலில் இதெல்லாம் புதிதில்லை.

கட்டுவது, அனுப்புவது

இங்கிருந்து போகும் தெர்மல், குல்லா, காலுறை, நாப்கின் இவற்றைத் தரம் பிரிக்க இடம் வேண்டும். புரட்டாசி மழை நேரம் என்பதால் முற்றமுள்ள வளவில் விரிக்க வேண்டாம், சாரல் அடிக்கும். கூரையுள்ள பட்டாலையில் வையுங்கள், தரையில் தார்ப்பாய் போட்டு. ஈரம் பட்ட துணியை மூட்டை கட்டினால் போய்ச் சேரும்போது பூஞ்சணம் பூத்திருக்கும். ஒரு மூட்டையில் ஒரே பொருள், ஒரே அளவு. கலந்து கட்டினால் அங்கே நாலு பேர் ஒரு நாள் முழுக்கப் பிரித்துக்கொண்டு உட்கார வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் உறை, வெளியே சாக்கு, ஒரு மூட்டை 25 கிலோவைத் தாண்டக் கூடாது, கடைசி மைல் தலையில்தான் போகும். வெளியே மார்க்கரில் பொருள், அளவு, எண்ணிக்கை, மூட்டை எண் எல்லாம் இங்கிலீஷில். இன்னொரு பட்டியல் உங்கள் நோட்டில், இன்னொன்று வாங்குபவர் போனில்.

சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் மாநிலம் விட்டு மாநிலம் போக இ-வே பில் (ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சரக்குச் சீட்டு) வேண்டும், நன்கொடைதானே என்று விட்டுவிட முடியாது. லாரி ஆபீஸில் முதலிலேயே பேசி, கடை பில், டிரஸ்ட் கடிதம், பெறுபவர் விலாசம் மூன்றையும் கொடுத்துவிடுங்கள். கவுகாத்தி வரைக்கும்தான் உங்கள் லாரி. அங்கிருந்து மேலே போக உள்ளூர் வண்டி, இரண்டு தரப்பையும் சேராத ஓட்டுநர். திமாபூரிலிருந்து கோஹிமா வழியாக இம்பாலுக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் மறியலும் வரும், மண்சரிவும் வரும், ஒரு வாரம் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் வாரத்துக்குள் வண்டி கிளம்ப வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான். அதற்கு வசூல் ஆவணியில், போன் ஆடியிலேயே.

நேரில் போக வேண்டுமா என்று ஒவ்வொரு குழுவிலும் நாலு இளவட்டங்கள் கேட்பார்கள். வேண்டாம். மணிப்பூருக்குள் நுழைய வெளிமாநிலத்தவருக்கு 2020 ஜனவரி 1 முதல் இன்னர் லைன் பெர்மிட் கட்டாயம், வழியில் நாகாலாந்துக்கும் அந்தப் பக்கம் மிசோரத்துக்கும் தனித்தனியாக வேண்டும். நாலு பேர் போய்வரும் செலவில் ஒரு முகாமுக்கே ஃபோம் ஷீட் வாங்கிவிடலாம். யாராவது ஒருவர் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் கணக்குத் தெரிந்த, வாயடக்கம் உள்ள ஒருவரை அனுப்புங்கள், வீடியோ எடுப்பவரை அனுப்ப வேண்டாம்.

இறங்கிய பிறகு

போட்டோ வரும். மூட்டையும் கையெழுத்துப் போட்ட பில்லும் இருக்கிற படம் போதும். போர்வையைக் கையில் கொடுத்து, பின்னால் ஃப்ளெக்ஸ் பிடித்து, வாங்குகிற அம்மா தலையைக் குனிந்து நிற்கிற படம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முகம், சொந்த ஊர், முகாம் இருக்கும் இடம் இவை வெளியே போவது அங்கே ஆபத்தும்கூட. மூட்டையிலும் சாதிச் சங்கப் பேர், கட்சிக் கொடி எதுவும் வேண்டாம்.

வரவு செலவை ஒரே தாளில் எழுதிக் கோயில் வாசலிலோ டீக்கடையிலோ ஒட்டுங்கள், லாரி வாடகை, சுமைக்கூலி, சாக்கு வாங்கிய காசு உட்பட. டிசம்பர் நடுவில் முகாமுக்கு ஒரு முறை போன் செய்து, எந்த அளவு தெர்மல் குறைந்தது, எது மீந்தது, பிள்ளைகளுக்கு இருமல் சளி எப்படி என்று கேட்டு அதே நோட்டில் குறித்துவையுங்கள், அடுத்த ஆடியில் பட்டியல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். கையில் மீதிப் பணம் இருந்தால் அதைப் பொதுச் சாப்பாட்டுக்கோ கும்பாபிஷேகத்துக்கோ திருப்ப வேண்டாம், முகாம் சமையலறைக்கு கேஸ் சிலிண்டர் நிரப்ப அங்குள்ள ஏஜென்சிக்கே கட்டிவிடலாம், ஜனவரியில் வெந்நீருக்குத்தான் அங்கே அதிகம் செலவாகும்.